படுத்துக்கொண்ட மரப்பாச்சி

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்துபோகிற ஆள் நான். எங்கள் தெருவில் எல்லோரும் வண்டிச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், நான் அதை ஜூஸ் போட்டுக் குடிப்பேன். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன், 'பாவம், வேலை அதிகம், மண்டை குழம்பிவிட்டது' என்று சொல்லியிருப்பேன். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இது பயமுறுத்துகிற கதை இல்லை. யாருக்கோ நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, அது யார் என்றுதான் தெரியவில்லை.

என் தொழில் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குப் பூங்காக்கள், கண்காட்சிகள், பெரிய கடைகள், இவற்றுக்கு வாசல் பகுதியை வடிவமைப்பேன். வாசல்தானே, ஒரு வளைவு வைத்து 'நல்வரவு' என்று எழுதினால் போதாதா என்று என் மாமனாரே கேட்டிருக்கிறார். போதாது. வெளியே ஆட்டோ ஹாரன், பஸ் புகை, பார்க்கிங்குக்குச் சண்டை என்று வருகிற மனுஷன் டிக்கெட் கவுன்டரை அடைவதற்குள் ரோட்டை மறந்திருக்க வேண்டும், அதுதான் என் வேலை. வரிசையை வளைத்து வளைத்து விட வேண்டும், முழு நீளமும் ஒரே பார்வையில் தெரிந்தால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். முக்கியமான பொம்மை எதுவாக இருந்தாலும் குழந்தையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் 'உள்ளே போலாம்பா' என்று கையைப் பிடித்து இழுக்கப்போவது அதுதான்.

பல வருஷம் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, தனியாக வந்து எடுத்த முதல் பெரிய வேலை இது. அடையாறு தாண்டிக் கடற்கரைப் பக்கம், பழைய பங்களாக்களை இடித்த மனையில் குழந்தைகளுக்கென்று ஒரு சின்னப் பூங்கா. பெயர் வேண்டாம், இன்றைக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. நவராத்திரிக்குள் திறக்க வேண்டும் என்று முதலாளி சேகர் சொன்னபோதே எனக்குத் தோன்றிவிட்டது, வாசலே ஒரு பிரம்மாண்டமான கொலுவாக இருக்கட்டும் என்று. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? ஒன்பது படி, மேல் படியில் ஆளுயரக் கலசம், படிகளில் ஃபைபர் பொம்மைகள், நடுவில் படியைப் பிளந்துகொண்டு உள்ளே போகும் வழி. வழியின் இரண்டு பக்கமும் குழந்தை உயரத்தில் ஒரு மரப்பாச்சி ஜோடி. எங்கள் எதிர்வீட்டு லலிதா மாமி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மரப்பாச்சிய மேல்படியிலன்னா வெக்கணும், கீழ கொண்டுவந்து நிறுத்திண்டு இருக்கியே" என்று குறைப்பட்டுக்கொண்டார். 'மாமி, மேல் படியில் வைத்தால் குழந்தை எப்படித் தொட்டுப் பார்க்கும்' என்று கேட்டேன்.

பொம்மைகள் எல்லாம் ஈக்காட்டுத்தாங்கலில் அந்தோணி அண்ணன் பட்டறையில் உருவானவை. நொச்சிக்குப்பத்துக்காரர், ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போட ஆரம்பித்து, பிறகு ஃபைபரில் யானை, டைனோசர் என்று எது கேட்டாலும் செய்ய ஆரம்பித்துவிட்டவர். கோபக்காரர். திறப்புத் தேதியை நான் முன்னால் இழுத்ததற்காக இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தார், ஆனால் வேலையில் ஒரு குறை வைக்க மாட்டார். இரும்புச் சட்டத்தை வேறு ஆட்கள் நிறுத்த, அதன்மேல் படிகளையும் பொம்மைகளையும் ஏற்றியது அவரும் அவர் ஆட்களும்தான்.

திறப்பு விழா மாலையில். முந்தின இரண்டு நாளும் நல்ல மழை, அன்று காலை பளிச்சென்று வெளுத்திருந்தது. நல்லவேளை, மழை விட்டதே என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். வழியின் இடது பக்கத்தில் பெண் மரப்பாச்சியைக் காணோம். கிட்டே போய்ப் பார்த்தால், முதல் படியில் மல்லாந்து படுத்திருந்தது.

விழுந்திருந்தது என்று சொல்லவில்லை, கவனியுங்கள், படுத்திருந்தது. முகம் வானத்தைப் பார்த்து, கால் நேராக, பாவாடை கலையாமல். தலைக்கு அடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணி நாலாக மடித்து வைத்திருந்தது. பாதத்தில் முடுக்கியிருந்த போல்ட்டுகள் கழன்று, பக்கத்திலேயே வரிசையாக இருந்தன.

கொலு வைக்கிற வீட்டுக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விஜயதசமி அன்று ராத்திரி, கொலுவில் ஒரே ஒரு பொம்மையை மட்டும் படுக்க வைப்போம். கொலு முடிந்தது, பொம்மைகள் தூங்கப் போகின்றன, இனிமேல் பார்க்க யாரும் வர வேண்டாம் என்று அர்த்தம். மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். திறப்பு விழாக் காலையில், நவராத்திரி பாதியில், ஒரு பொம்மை இப்படிப் படுத்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? சகுனம் பார்க்காதவள் என்று பீற்றிக்கொண்டவள் நான்தான், ஆனால் கொலு விஷயத்தில் மட்டும் என் ரத்தத்தில் ஊறியது போகவில்லை.

அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். கோபத்தில் வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"இன்னா யக்கா சொல்ற நீ?" என்றார். "நிக்க வெச்ச பொம்மைய நானே எதுக்குப் படுக்க வெக்கப் போறேன்? எங்கூட்ல கொலுவே கெடயாது. கிறிஸ்மஸுக்குக் குடில் வெப்போம், அவ்ளோதான். பொம்மைய படுக்க வெச்சா இன்னா அர்த்தம்னுகூட எனக்குத் தெரியாது."

அவர் ஆட்களும் அதையேதான் சொன்னார்கள். பொய் சொல்கிற முகங்கள் இல்லை. பிறகு நான் செய்த காரியம் இருக்கிறதே, அது எங்கள் ஊர்க்காரி மட்டும்தான் செய்வாள். பொம்மை எப்படிக் கழன்றது, கீழே தரை சரியாக இருக்கிறதா, சட்டம் அசைகிறதா என்று எதையும் பார்க்கவில்லை. அவசர அவசரமாக அதைத் தூக்கி நிறுத்தி, நெற்றியில் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அபசகுனத்தைச் சரிசெய்துவிட்டதாக என் நினைப்பு. அந்தோணி அண்ணன் போல்ட்டை மறுபடி முடுக்கி, போதாததற்கு அதை இரும்புச் சட்டத்தோடு சேர்த்து வெல்டும் வைத்தார்.

அந்தத் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பட்டறைத் துணியென்றால் ஃபைபருக்குப் பூசுகிற ரெசின் நாற்றம் குடலைப் புரட்டும். இதில் ரசகற்பூர உருண்டை வாசனை வந்தது, பரணில் இருந்து கொலுப் பெட்டியை இறக்கித் திறந்ததும் வருமே, அதே வாசனை. மடித்து ஓரமாக வைத்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி படுத்திருந்தது. அதே மாதிரி, மல்லாந்து, தலைக்கு அடியில் அதே துணி. வெல்டு வைத்த இடத்தைத் தடவிப் பார்த்தேன், உடைந்த முனை கையைக் கிழிக்க வேண்டும், ஆனால் வழவழவென்று இருந்தது. அந்தோணி அண்ணன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு வேறு வழி தெரியாமல் லலிதா மாமிக்குப் போன் போட்டேன்.

"படுத்துண்டுதுன்னா தூங்கணும்னு அர்த்தம்டி," என்றார் மாமி, சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே. "தூங்கற கொழந்தைய எழுப்பி எழுப்பி உக்கார வெப்பாளா யாராவது? ஏன்னு கேளேன்."

"பொம்மைகிட்டயா மாமி?"

"ஒன்னையே கேட்டுக்கோ," என்று போனை வைத்துவிட்டார்.

கேட்டுக்கொள்ள எனக்கு எங்கே நேரம்? விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளிக்கு ஒரு ஆசை இருந்தது. திறப்பு விழாவின் முதல் புகைப்படத்தில் குழந்தைகள் எல்லாம் சாமி வேஷம், ராஜா ராணி வேஷம் போட்டு, பொம்மைகளோடு பொம்மைகளாகக் கொலுப்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். யோசனை அவருடையது, ஆனால் 'ரொம்ப நல்லா இருக்கும் சார்' என்று துள்ளியது நான். வேலை செய்தவர்களின் குழந்தைகளையே கூப்பிடுங்கள் என்று பெரிய மனசோடு சொன்னார். அந்தோணி அண்ணனின் பெண் ஸ்டெல்லா ஜான்சி ராணியாக வந்திருந்தாள். என் மகள் கயலுக்கு தி. நகரில் வாடகைக்கு எடுத்த ஆண்டாள் வேஷம், பக்கவாட்டுக் கொண்டை, தோளில் துணிக்கிளி. கண்பட்டுவிடும் போல இருந்தாள்.

மறுபடி நிறுத்தின பொம்மையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே குழந்தைகளை வரிசையில் விட்டேன். கயல்தான் முதலில் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால், இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு. போட்டோக்காரர் ஏணியில் ஏறிவிட்டார், எதிரே போட்டிருந்த சின்ன மேடையில் முதலாளி மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்த அந்த ஒரு கணம்தான். நான் திரும்பும்போது மரப்பாச்சி படுத்திருந்தது.

சத்தமே வரவில்லை. ஓரமாக நான் மறுபடி மடித்து வைத்திருந்த துணி அதன் தலைக்கு அடியில் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அப்போதும் என் மனசில் ஓடியது படம் கெட்டுவிடக் கூடாது என்பதுதான், தனியாக எடுத்த முதல் வேலை கெட்டுவிடக் கூடாது என்பதுதான். குழந்தைகள் உட்கார்ந்தால் படுத்த பொம்மை மறைந்துவிடும் என்று கணக்குப் போட்டு, "ஏறு கயல், சீக்கிரம் ஏறு" என்று அவள் காதருகில் சொல்லி முன்னால் தள்ளினேன்.

அப்போதுதான் கயலின் குரல் கேட்டது. கணீரென்று, அந்த இடம் முழுக்க.

"பொம்மை தூங்குது. யாரும் ஏறாதீங்க."

குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் வந்தார்கள். யாரும் இழுக்கவில்லை, தாங்களாகவே. முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. சட்டென்று தன் வலது பக்கம் திரும்பி, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குழந்தைங்களை உட்கார வைங்கம்மா. நேரம் போகுது."

எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "வேண்டாம் சார்," என்றேன். "படத்தை வெளியே கேட்கிட்ட எடுத்துக்கலாம். படியில வேண்டாம்."

"பொம்மை கீழே கிடக்குன்னா தூக்கி நிறுத்துங்க. அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கேன்?"

"ரெண்டு தடவை தூக்கி நிறுத்தியாச்சு சார். இனிமே நிறுத்த மாட்டேன். என் பொண்ணு ஏற மாட்டா."

"எம் பொண்ணும் ஏறாது சார்," என்றார் அந்தோணி அண்ணன், எனக்குப் பின்னால் இருந்து.

"அப்ப நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் வர வேண்டாம்," என்றார் முதலாளி.

சரி என்று தலையாட்டிவிட்டு, குழந்தைகளைக் கையைக் கோத்துக்கொள்ளச் சொல்லி, கேட் பக்கம் ரோஸ்மில்க் ஸ்டாலுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பொம்மைக்காக வேலையைத் தொலைத்துவிட்டாயே, படித்தவளா நீ என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். குழந்தைகள் கையில் டம்ளர் வந்திருக்கும், அவ்வளவுதான். பின்னால் 'மடக்' என்று ஒரு சத்தம். பிறகு நீளமாக இரும்பு முனகுகிற சத்தம்.

திரும்பினால் கொலுவின் இடது பாதி மெதுவாகத் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேல் படியில் இருந்த கலசம் உருண்டு, படிக்குப் படி பொம்மைகளை நொறுக்கிக்கொண்டு வந்து, கீழ்ப் படியில், கயல் உட்கார வேண்டிய அதே இடத்தில் விழுந்தது. அந்தக் கலசத்துக்குள் இரும்புக் குழாய் இருந்தது, வைக்கச் சொன்னது நான்தான், காற்றுக்கு ஆடாமல் இருக்கட்டும் என்று. புழுதி அடங்கியது. பிறகு அந்தோணி அண்ணன் ஸ்டெல்லாவைத் தூக்கிக்கொண்டு விம்மி விம்மி அழுதார், நானும் ரோஸ்மில்க்கோடு சேர்த்துக் கயலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பழைய பங்களாவின் தண்ணீர்த் தொட்டி, சம்ப் என்கிறோமே, அது தரைக்கடியில் இருந்திருக்கிறது. மேலே பலகைக் கல் போட்டு, மண் தள்ளி, தளக்கல் பாவிவிட்டார்கள். எந்த வரைபடத்திலும் அது இல்லை. இரண்டு நாள் மழையில் மண் கரைந்து கல் விரிசல் விட்டிருக்கிறது. இஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, "காலையிலிருந்தே தரை இறங்க ஆரம்பித்திருக்கும், அதனால்தான் பொம்மை விழுந்திருக்கிறது" என்று விளக்கினார். நியாயமான விளக்கம்தான், நீங்களும் இப்போது அதைத்தான் நினைக்கிறீர்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தரை இறங்கினால் பொம்மை விழும், ஒப்புக்கொள்கிறேன். தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்துக்கொண்டு விழுமா?

அந்தத் துணியை இடிபாட்டில் தேடினோம், கிடைக்கவில்லை.

முதலாளியைப் பற்றிக் குறையாகச் சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது. மறுநாள் காலையில் மண்டைவெளியில் எங்கள் வீட்டுக்கே வந்தார், கயலுக்குச் சாக்லேட் டப்பாவோடு. என்னைப் பார்த்துக் கைகூப்பினார். புது வாசலையும் எங்களையே செய்யச் சொன்னார். மனை முழுவதையும் தோண்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலையை ஆரம்பித்தோம். அந்தோணி அண்ணன் சாந்தோம் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார், லலிதா மாமி எனக்குச் சொல்லாமலே கபாலி கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். நான் மட்டும் யாருக்கு ஏற்றுவது என்று தெரியாமல் வீட்டில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, 'யாராக இருந்தாலும் நன்றி' என்று சொன்னேன். இன்றைக்கும் தினமும் சொல்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நானே மெல்ல மெல்ல இஞ்சினியர் கட்சிக்குப் போயிருப்பேன். கொலு சரிந்த அன்று ராத்திரி கயலுக்குக் கொண்டையைப் பிரித்து ஊசிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். "எப்படிடி உனக்கு அப்படிச் சொல்லத் தோணிச்சு? அவ்ளோ பேர் முன்னாடி, அவ்ளோ சத்தமா?" என்று கேட்டு முத்தம் கொடுத்தேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே," என்றாள் கயல். "நீதானேம்மா என் காதுல சொன்ன? பொம்மை தூங்குது, ஏறாதேன்னு."

நான் அவள் காதில் சொன்னது 'ஏறு' என்று. அது மட்டும் எனக்குச் சத்தியமாகத் தெரியும்.

குழந்தை, பயத்தில் குழப்பிக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டேன். அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு அந்தோணி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். கேக்கை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு அவர் பெருமையாக ஆரம்பித்தார். "எம் பொண்ணு ஒரு சவுண்டு வுட்டுச்சு பாரு யக்கா அன்னிக்கு, 'யாரும் ஏறாதீங்க'ன்னு. அத்தினி பேரும் கப்சிப்."

"நான் எங்கப்பா சொன்னேன்?" என்றாள் ஸ்டெல்லா, கேக் வாயோடு. "நீதான என் பக்கத்துல வந்து சொன்ன."

அந்தோணி அண்ணன் அன்று எனக்குப் பின்னால், தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் கயலைப் பார்த்தேன். அவர் மனைவி வந்து இன்னொரு துண்டு கேக் வைத்தார், வாங்கிக்கொண்டேன்.

முதலாளியிடம் மட்டும் நான் இதைக் கேட்டதில்லை. அன்று அவர் வலது பக்கம் திரும்பி யாரையோ கடிந்துகொண்டபோது, அவர் மனைவி அங்கே நிற்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். விழாவின் படங்கள் எல்லாம் பிறகு என் கைக்கு வந்தன, மைக்கோடு அவர் வலது பக்கம் திரும்பியிருக்கிற படமும் இருந்தது. மேடையில் அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.